பக்கத்தின் கடைசிப் பாட்டு மட்டும் கரகரக்கிறது: எம்சி கார்ட்ரிட்ஜுக்கு மாறலாமா?

சுழல்மேடை கேட்டது:

வணக்கம். முதலில் என்னிடம் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். மாமா ரெக்கார்டு கேட்பதை நிறுத்தியபோது அவருடைய டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 மார்க் 2 டர்ன்டேபிளும் இருநூறு சொச்சம் எல்பிக்களும் என்னிடம் வந்தன. கூட வந்த கார்ட்ரிட்ஜில் (ஊசியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பாகம்) ஊசி இல்லை. ஊசிமுனையைத் தாங்கும் மெல்லிய தண்டான கேன்டிலீவர் முறிந்து ஒரு துண்டுதான் நீட்டிக்கொண்டிருந்தது. அதனால் ஆடியோ-டெக்னிக்கா விஎம்95இ புதிதாக வாங்கி நானே டோன்ஆர்மின் நுனியில் உள்ள ஹெட்ஷெல்லில் மாட்டினேன். ஆம்ப் பழைய இன்டகிரேட்டட் வகை. அதன் முதுகில் 'ஃபோனோ' என்று போட்ட இடத்தில் நேராகச் செருகியிருக்கிறேன். கார்ட்ரிட்ஜின் சிறு மின்னழுத்தத்தைப் பெருக்கும் தனி ஃபோனோ ப்ரீஆம்ப் கிடையாது.

தொல்லை இதுதான். ஒரு பக்கத்தின் முதல் இரண்டு பாட்டுகள் அருமையாக இருக்கும். மூன்றாவதில் ஏதோ லேசாக உறுத்தும். கடைசிப் பாட்டுக்கு வந்துவிட்டால் 'ஸ', 'ஷ', 'ச்ச' வருகிற இடமெல்லாம் தகரத்தின் மேல் மணலைத் தேய்ப்பது போலக் கேட்கிறது. வயலின் மேலே ஏறும்போது சுருதி சரியாகவே இருக்கிறது, ஆனால் ஓரத்தில் நூல் பிரிகிறது. வலது ஸ்பீக்கரில் இது கூடுதல். எல்லா ரெக்கார்டிலும் இப்படித்தான், நல்ல நிலையில் இருக்கும் புதிய தட்டிலும்கூட.

இன்னொன்று. சத்தத்தைக் கூட்டினால் 'உம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் வருகிறது. டோன்ஆர்மைத் தொட்டால் குறைகிறது.

கூட வேலை செய்யும் நண்பர், "எம்எம் எல்லாம் ஆரம்பக்காரர்களுக்கு. டெனன் டிஎல்-103 வாங்கு, எல்லாம் சரியாகிவிடும்" என்கிறார். எம்எம் என்றால் காந்தம் அசையும் வகை, என்னுடையது அது; எம்சி என்றால் சுருள் அசையும் வகை, டிஎல்-103 அது. வாங்குவதற்கு முன் இங்கே கேட்டுக்கொள்கிறேன். நான் கணக்கு வாத்தியார். சூத்திரம் எழுதினால் ஓடமாட்டேன், தாராளமாக எழுதுங்கள்.

எம்சி_பைத்தியம் எழுதியது:

உங்கள் நண்பர் சொன்னது சரி. நான் டிஎல்-103-ஐப் பல வருஷமாக வைத்திருக்கிறேன். மனிதக் குரலுக்கு அதற்கு நிகர் எதுவும் இல்லை. 1960களில் ஜப்பான் வானொலிக்காக உருவாக்கியது, இன்றைக்கும் செய்கிறார்கள் என்றால் சும்மாவா? எண்ணையும் சூத்திரத்தையும் பார்த்து இசை கேட்க முடியாது, காதுதான் தராசு. ஒரு தடவை எம்சி கேட்டுவிட்டால் திரும்பி வரமாட்டீர்கள். ஒன்று மட்டும் கவனியுங்கள். உங்கள் டேபிளின் கை (டோன்ஆர்ம்) 12 கிராம்தான். 103 விறைப்பான ஆள், அதற்குக் கனமான கை வேண்டும். கனமான ஹெட்ஷெல்லும் சேர்த்து வாங்குங்கள்.

பழைய_ரேடியோக்காரன் எழுதியது:

தம்பி, பர்ஸை உள்ளே வையுங்கள். இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள்.

முப்பது வருஷம் ரேடியோவும் டேப் ரெக்கார்டரும் பழுது பார்த்தவன் நான். அந்தத் தொழிலில் கற்றது ஒன்றுதான்: பாகத்தை மாற்றுவதற்கு முன் அளந்து பார். அளக்காமல் மாற்றினால் பழுது போகாது, பாகம்தான் போகும். உங்கள் கேள்வியில் நான்கு அறிகுறிகள் இருக்கின்றன. நான்கும் 'கார்ட்ரிட்ஜ் மட்டம்' என்று சொல்லவில்லை, 'மாட்டியது சரியில்லை' என்றுதான் சொல்கின்றன.

சுலபமானதை முதலில் முடித்துவிடலாம். டோன்ஆர்மைத் தொட்டால் இரைச்சல் குறைகிறதா? எர்த் கம்பி இல்லை, அல்லது தளர்ந்திருக்கிறது. உங்கள் டேபிளிலிருந்து இரண்டு ஆர்சிஏ ஒயர்களோடு மெல்லிய ஒற்றைக் கம்பி ஒன்று வரும். அதை ஆம்ப்பின் முதுகில் ஃபோனோ பக்கத்தில் இருக்கும் திருகில் முறுக்குங்கள். ஹெட்ஷெல்லைக் கையோடு சேர்க்கும் இடத்தில் உள்ள சிறு பித்தளை முனைகளையும் துணியால் துடையுங்கள். இதோடு அந்தக் கதை முடிந்தது.

இனி கடைசிப் பாட்டு. நீங்கள் கணக்கு வாத்தியார் என்பதால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்றுதான் சுற்றுகிறது, அது மாறாது. ஆனால் விளிம்பில் ஆரம் 146 மி.மீ. இருக்கும்போது ஊசிக்கு அடியில் தடம் நொடிக்கு 51 செ.மீ. ஓடுகிறது. உள்ளே 60 மி.மீ. ஆரத்துக்கு வந்தால் வெறும் 21 செ.மீ.தான். அதாவது அதே 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை விளிம்பில் 51 மைக்ரான் நீளத்தில் வெட்டப்பட்டிருக்கும், கடைசிப் பாட்டில் 21 மைக்ரானுக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும். 'ஸ'வும் 'ஷ'வும் இந்த உயர் அலைவரிசைகளில்தான் இருக்கின்றன. விளிம்பில் மன்னிக்கப்படும் தப்பு உள்ளே மன்னிக்கப்படாது.

இந்த இடத்தில் டிஎல்-103-ஐ நிறுத்திப் பாருங்கள். அதன் ஊசிமுனை கூம்பு வகை, நுனி 16.5 மைக்ரான் ஆரமுள்ள உருண்டை. அந்த 21 மைக்ரான் அலையின் வளைவுகளுக்குள் இந்த உருண்டை எப்படி நுழையும்? உங்கள் விஎம்95இ-யின் முனை நீள்வட்டம். தடச் சுவரைத் தொடும் பக்கம் ஏறத்தாழ 8 மைக்ரான். ஆக, உங்களிடம் இருப்பதே இந்த ஒரு வேலைக்குக் கூடுதல் தகுதி உள்ளது. எம்சி_பைத்தியம் ஐயா கோபிக்கக் கூடாது. 103 நல்ல கார்ட்ரிட்ஜ், நானும் மறுக்கவில்லை. ஆனால் தலைவலிக்குக் கால்வலி மாத்திரை எழுதிக் கொடுக்கிறீர்கள்.

இன்னொரு சங்கதி. விஎம்95இ 4 மில்லிவோல்ட் தருகிறது. 103 தருவது 0.3 மில்லிவோல்ட். எம்எம்-க்கான ஃபோனோ பகுதி பொதுவாக 40 டெசிபல், அதாவது நூறு மடங்கு பெருக்கும். 4 மில்லிவோல்ட் 400 ஆகும், ஆம்புக்கு அது போதும். 0.3-ஐ நூறால் பெருக்கினால் 30 மில்லிவோல்ட்தான். வால்யூமை முழுக்கத் திருப்பிவிட்டு இரைச்சலைத்தான் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். அதற்கு 60 டெசிபல் தரும் ஃபோனோ ப்ரீஆம்போ, நடுவில் மின்னழுத்தத்தை உயர்த்தும் ஒரு ஸ்டெப்-அப் டிரான்ஸ்பார்மரோ வேண்டும். நண்பர் இதைச் சொன்னாரா?

சரி, இப்போது நான்கு அளவுகள் வேண்டும். எடுத்து இங்கே எழுதுங்கள்.

ஒன்று, ஓவர்ஹேங், அதாவது ஊசிமுனை தட்டின் நடு அச்சைத் தாண்டி எவ்வளவு நீளுகிறது என்பது. உங்கள் கைக்குக் கம்பெனி சொல்வது 15 மி.மீ. அதை அளக்க எளிய வழி இருக்கிறது. ஹெட்ஷெல்லைக் கழற்றுங்கள். அது கையோடு சேரும் இடத்தில் ரப்பர் வளையம் இருக்கும். அந்த வளையத்தின் முகப்பிலிருந்து ஊசிமுனை வரை 52 மி.மீ. இருக்க வேண்டும். ஒரு மி.மீ. பிசகினாலும் எழுதுங்கள்.

இரண்டு, கார்ட்ரிட்ஜ் கோணலா நேரா. இதில் பலர் கார்ட்ரிட்ஜின் பிளாஸ்டிக் உடம்பை ஹெட்ஷெல்லுக்கு நேராக வைத்துவிட்டுத் திருப்தியாகிவிடுவார்கள். பார்க்க வேண்டியது கேன்டிலீவரை. அது உடம்புக்குள் சற்றுச் சாய்ந்தும் வரலாம். கீழே ஒரு சிறு கண்ணாடியை வைத்து, நல்ல வெளிச்சத்தில், ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள்.

மூன்று, ஊசி எடை. கையின் பின்முனையில் உள்ள கவுன்டர்வெயிட்டின் எண்ணை நம்பாதீர்கள். ஊசி எடை பார்ப்பதற்கென்றே சின்ன டிஜிட்டல் தராசு விற்கிறது. யாரிடமாவது இரவல் வாங்குங்கள். விஎம்95இ-க்கு 1.8 முதல் 2.2 கிராம், நடுவில் 2.0.

நான்கு, ஆன்டி-ஸ்கேட் குமிழ் எந்த எண்ணில் நிற்கிறது? வலது பக்கம் கூடுதலாகக் கரகரக்கிறது என்றீர்களே, எனக்கு அதில்தான் சந்தேகம். தட்டு சுழலும்போது கை தானாக நடுவை நோக்கி இழுபடும், அதை ஈடுகட்டத்தான் இந்தக் குமிழ். அது போதாவிட்டால், ஊசி உள்சுவரில் சாய்ந்து வெளிச்சுவரை விட்டுவிடும். வலது சேனல் வெட்டப்பட்டிருப்பது வெளிச்சுவரில்.

சுழல்மேடை எழுதியது:

ஐயா, இரண்டு நாள் கழித்து வருகிறேன். தராசு இரவல் கிடைக்கத் தாமதமாகிவிட்டது. அளவுகளைப் பார்த்தால் சிரிப்பீர்கள், பரவாயில்லை.

எர்த் கம்பி டேபிளுக்குப் பின்னால் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டபடியே இருந்தது. மாமா கட்டிக் கொடுத்தபடி நான் பிரிக்கவே இல்லை. மாட்டினேன், இரைச்சல் போயே போய்விட்டது.

ஓவர்ஹேங்: 52 வர வேண்டிய இடத்தில் 48.5. ஹெட்ஷெல்லில் நீளமான துளை இருக்கிறதல்லவா, அதில் திருகு நடுவில் நின்றால் பார்க்க அழகாக இருக்கிறது என்று நடுவில் வைத்துவிட்டேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

கேன்டிலீவர்: கண்ணாடியில் நேராகத்தான் தெரிகிறது.

ஆன்டி-ஸ்கேட்: பூஜ்யம். அது எதற்கு என்றே தெரியாமல் தொடாமல் விட்டிருந்தேன்.

ஊசி எடைதான் பெரிய கதை. கவுன்டர்வெயிட்டில் 2 என்று வைத்திருந்தேன். தராசு 1.4 காட்டியது. தராசு கெட்டுவிட்டதோ என்று ஒரு கிராம் படிக்கல்லை வைத்துப் பார்த்தேன், சரியாக 1.0. மூன்று தடவை பார்த்தும் 1.4-தான். அந்த 0.6 எங்கே போனது என்று ஒரு மாலை முழுக்க யோசித்தேன். கையைத் திரும்பச் சமன் செய்யலாம் என்று உட்கார்ந்து, பழக்கப்படியே முதலில் ஊசியின் பிளாஸ்டிக் மூடியை மாட்டினேன். ஊசி உடையக் கூடாதே என்ற பயம். மாட்டிய கையோடு பளிச்சென்று புரிந்தது. அன்றைக்கும் மூடியோடுதான் சமன் செய்திருக்கிறேன்! பூஜ்யம் வைத்து, 2-க்குத் திருப்பி, அப்புறம் மூடியைக் கழற்றிவிட்டேன். மூடியைத் தராசில் போட்டேன்: 0.6 கிராம். மாணவன் இப்படி ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்பதை இங்கே எழுத முடியாது.

ஒரு சந்தேகம். எடை குறைவாக இருந்தால் ரெக்கார்டுக்கு நல்லதுதானே? தேய்மானம் குறையுமே?

பழைய_ரேடியோக்காரன் எழுதியது:

சிரிக்கவில்லை தம்பி. மூடியோடு சமன் செய்தவர்களில் நீங்கள் முதல் ஆள் இல்லை. நான் பார்த்த ஒருவர் அடுத்த பக்கம் போய், மூடி இல்லாமல் சமன் செய்துவிட்டு மூடியோடு ஓட்டப் பார்த்தார்.

எடை குறைந்தால் தட்டுக்கு நல்லது என்பது பலரும் நம்பும் தப்பு. ஊசிக்கு அடியில் தடம் இப்படியும் அப்படியும் வளைந்து வளைந்து ஓடுகிறது. போதிய எடை இருந்தால் ஊசி இரண்டு சுவரையும் விடாமல் தொட்டுக்கொண்டே வரும். எடை போதாவிட்டால் வேகமான வளைவில் ஒரு சுவரை விட்டு எழும்பும், அடுத்த கணம் திரும்ப வந்து மோதும். வைரம் வினைல்மேல் மோதுகிறது. நீங்கள் கேட்ட மணல் தேய்க்கும் சத்தத்தில் பாதி இதுதான். அப்படி மோதிய இடத்தில் ஏற்படும் காயம் ஆறாது. கம்பெனி கொடுத்த வரம்பில் நடுவிலோ சற்று மேலேயோ வையுங்கள். 2.0 அல்லது 2.1.

ஓவர்ஹேங் 3.5 மி.மீ. குறைந்தால் என்ன ஆகும் என்று பேப்பரில் போட்டுப் பார்த்தேன். கடைசிப் பாட்டில் ஊசியின் கோணம் சுமார் 3 டிகிரி பிசகும். விளிம்பில் அதில் பாதிகூட இராது. போதாததற்கு உள்ளே அலைகளும் நெருக்கமாக இருக்கின்றன. முதல் பாட்டு அருமை, கடைசிப் பாட்டு அழுகை என்று நீங்கள் எழுதியதன் காரணம் அதுதான்.

இப்போது வரிசையாகச் செய்யுங்கள். ஊசியில் மூடி போட்டுக்கொண்டு (இந்த வேலைக்கு மூடி வேண்டும்!) திருகுகளை லேசாகத் தளர்த்தி கார்ட்ரிட்ஜை முன்னால் நகர்த்தி 52-க்குக் கொண்டு வாருங்கள். ஒயர்களைத் தொட வேண்டியிருந்தால் நிறத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்: வெள்ளை இடது பிளஸ், நீலம் இடது மைனஸ், சிவப்பு வலது பிளஸ், பச்சை வலது மைனஸ். குறடால் மெதுவாகத் தள்ள வேண்டும். கார்ட்ரிட்ஜின் கால்களில் சூட்டுக்கோலை வைக்கவே கூடாது, உள்ளே முடிபோன்ற கம்பி இருக்கிறது.

கார்ட்ரிட்ஜ் நகர்ந்தால் எடையும் மாறும். அதனால் இதற்கு அப்புறம்தான் சமன் செய்ய வேண்டும். மூடியைக் கழற்றிவிட்டு! ஆன்டி-ஸ்கேட் குமிழை ஊசி எடைக்குச் சமமாக 2-இல் வையுங்கள். தடமே இல்லாத வழுவழு தட்டில் ஊசியை வைத்து, கை நகராமல் நிற்கும் வரை திருப்பு என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வழுவழு பரப்பில் ஊசி உரசுவது வேறு, தடத்துக்குள் இரண்டு சுவரில் உரசுவது வேறு. இடமா வலமா, எந்தப் பக்கம் முதலில் கரகரக்கிறது என்று கேட்டுக் கால் கிராம் கூட்டிக் குறைப்பதே மேல். கடைசியாக, ஊசி தட்டில் இருக்கும்போது பக்கவாட்டில் நின்று பாருங்கள். கை தட்டுக்கு இணையாக இருக்க வேண்டும். உங்கள் டேபிளில் கையின் அடிவளையத்தைத் திருப்பி உயரத்தை மாற்றிக்கொள்ளலாம், பலருக்கு இந்த வசதி கிடையாது.

பேவால்டு, லோஃப்கிரென், ஸ்டீவன்சன் என்று கோணக் கணக்குகள் வேறு இருக்கின்றன. கோணப் பிழை பூஜ்யமாகும் இரண்டு இடங்களை எங்கே வைப்பது என்பதுதான் சண்டை. பேவால்டில் 66.0, 120.9 மி.மீ.; ஸ்டீவன்சனில் 60.3, 117.4. உங்கள் கம்பெனிக் கணக்கு ஸ்டீவன்சனுக்குப் பக்கத்தில் வரும், கடைசிப் பாட்டைக் கொஞ்சம் கூடுதலாகக் கவனித்துக்கொள்ளும். இந்தச் சண்டையில் நீங்கள் இறங்க வேண்டாம். 3.5 மி.மீ. பிசகோடு ஓட்டியவருக்கு எந்தக் கணக்கும் சொர்க்கம்தான்.

எம்சி_பைத்தியம் எழுதியது:

கால்வலி மாத்திரையை ரசித்தேன், கோபம் இல்லை. 40 டெசிபல் விஷயத்தை நான் சொல்லாமல் விட்டது தப்புதான். என்னிடம் 1:10 டிரான்ஸ்பார்மர் இருக்கிறது. 0.3 மில்லிவோல்ட் 3 ஆகிவிடும், எம்எம் உள்ளீடே போதும். ஆனால் கைக்குக் கனம் போதாது என்றதில் இருந்து நான் பின்வாங்கவில்லை.

சுழல்மேடை எழுதியது:

அந்தக் கனம் விஷயத்தை நேற்று ராத்திரி போட்டுப் பார்த்தேன், கை அரித்தது. கையும் கார்ட்ரிட்ஜும் சேர்ந்து ஆடும் அலைவரிசை 159-ஐ, நிறை பெருக்கல் நெகிழ்வின் (ஊசித் தண்டு எவ்வளவு எளிதில் வளைகிறது என்பதன்) வர்க்கமூலத்தால் வகுத்தால் வருகிறது. 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் விழுந்தால் நல்லது. அதற்குக் கீழே போனால் நெளிந்த தட்டில் கை தள்ளாடும், மேலே போனால் இசையின் அடிஒலிகளில் கைவைக்கும்.

103-இன் நெகிழ்வு எண் 5 என்று பார்த்ததும், ஐயோ எவ்வளவு விறைப்பு என்று நானும் நினைத்தேன். ஆனால் அது 100 ஹெர்ட்ஸில் அளந்தது. சூத்திரத்துக்கு வேண்டியது 10 ஹெர்ட்ஸ் அளவு. ஜப்பானியத் தயாரிப்புகளுக்கு ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வரை கூட்டிக்கொள்வது வழக்கமாம். 9 என்று வைத்தேன். கை 12, கார்ட்ரிட்ஜ் 8.5, திருகுகளுக்கு 1, மொத்தம் 21.5 கிராம். விடை 11.4 ஹெர்ட்ஸ். வரம்புக்குள்ளேதான் வருகிறது! என் விஎம்95இ-க்கு எண் 7, அதை 12 ஆக்கினேன். மொத்த நிறை 19.1. விடை 10.5. கனமான ஹெட்ஷெல் போட்டால் 103 இன்னும் வசதியாக உட்காரும், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கட்டாயம் இல்லை.

இனி முக்கியமான சேதி. ஐயா சொன்ன வரிசையில் செய்து முடித்தேன். 52 மி.மீ., 2.0 கிராம், ஆன்டி-ஸ்கேட் 2. அதே தட்டு, அதே கடைசிப் பாட்டு. மணல் போய்விட்டது. வலது இடது வித்தியாசமும் தெரியவில்லை. பாட்டின் நடுவில் பாடகி மூச்சு இழுக்கும் இடம் ஒன்று இருக்கிறது, அது இத்தனை நாள் இரைச்சலுக்குள் ஒளிந்திருந்தது.

ஆனாலும் ஒரு சின்னக் குறை. கரகரப்பு இல்லை, ஒரு கூர்மை இருக்கிறது. எல்லாப் பாட்டிலும், முதல் பாட்டிலிருந்தே. சிம்பல் கொஞ்சம் கூடுதலாகப் பளபளக்கிறது, 'ஸ' கொஞ்சம் நீளுகிறது. அரைமணி நேரத்தில் காது களைத்துப்போகிறது. இது கார்ட்ரிட்ஜின் சுபாவமா?

பிகோஃபாரட் எழுதியது:

பாதியில் நுழைகிறேன். ஆம்ப்பின் கையேட்டில் ஃபோனோ உள்ளீட்டுக்கு என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 47 கிலோஓம் என்பதற்குப் பக்கத்தில் ஒரு பிகோஃபாரட் (மின்தேக்கத்தின் அலகு) எண் இருக்கும். என் பேருக்கே அதுதான் காரணம்.

எம்எம் கார்ட்ரிட்ஜுக்குள் இருப்பது ஆயிரக்கணக்கான சுற்றுக் கம்பிச் சுருள். அந்தச் சுருளும், அதன் பின்னால் வரும் ஒயர், ஆம்ப் ஆகியவற்றின் மின்தேக்கமும் சேர்ந்து ஓர் அலைவரிசையில் ஒத்ததிரும், அங்கே ஒலி மேடுபோல உயரும். தேக்கம் கூடினால் அந்த மேடு கீழே இறங்கி, காதுக்குத் தெளிவாகக் கேட்கும் இடத்தில் வந்து நிற்கும். அந்தக் கூர்மை கார்ட்ரிட்ஜின் சுபாவம் இல்லை, உங்கள் ஒயரும் ஆம்ப்பும் சேர்ந்து போட்ட மசாலா. விஎம்95 குடும்பத்துக்குக் கம்பெனி கேட்பது மொத்தம் 100 முதல் 200 பிகோஃபாரட்.

ஒயரை அளப்பதும் கஷ்டமில்லை. ஹெட்ஷெல்லைக் கழற்றிவிடுங்கள். ஆர்சிஏ முனைகளை ஆம்ப்பிலிருந்து பிடுங்குங்கள். தேக்கம் அளக்கும் மல்டிமீட்டரில், நடு முள்ளுக்கும் வெளி வளையத்துக்கும் இடையில் வருவதை எழுதிக்கொள்ளுங்கள். மீட்டர் கம்பிகளின் சொந்தத் தேக்கத்தைக் கழிக்க மறக்காதீர்கள்.

சுழல்மேடை எழுதியது:

அளந்தேன். கைக்குள் ஓடும் கம்பியும் வெளி ஒயரும் சேர்ந்து 135 பிகோஃபாரட். கையேட்டில் ஆம்ப்புக்கு 330. மொத்தம் 465! விஎம்95இ-யின் சுருள் 550 மில்லிஹென்றி. போட்டால் மேடு 10,000 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் வந்து உட்காருகிறது. சரியாக அந்த 'ஸ' வாழும் தெருவில்.

பிகோஃபாரட் எழுதியது:

ஆம்ப்பைத் திறந்து உள்ளே உள்ள கண்டென்சரைக் கழற்றலாம், பழக்கமில்லாவிட்டால் வேண்டாம். தேக்கத்தை மாற்றிக்கொள்ளும் சுவிட்ச் உள்ள தனி ஃபோனோ ப்ரீஆம்ப் ஒன்று போதும். 50 பிகோஃபாரட் வைத்தால் மொத்தம் 185, மேடு கிட்டத்தட்ட 16,000-க்கு ஏறிவிடும். அதை ஆம்ப்பின் 'ஆக்ஸ்' உள்ளீட்டில் செருக வேண்டும், ஃபோனோவில் அல்ல. ஃபோனோவில் செருகினால் ஆர்ஐஏஏ திருத்தம் இரண்டு தடவை நடக்கும். வெட்டும்போது அடிஒலியைக் குறைத்து உயர்ஒலியைக் கூட்டி வெட்டுகிறார்கள், ஃபோனோ பகுதி அதைத் தலைகீழாக்குகிறது. இரண்டு தடவை தலைகீழாக்கினால் போர்வைக்குள்ளிருந்து பாடுவது போலிருக்கும்.

இதெல்லாம் செய்தும் கடைசிப் பாட்டில் இன்னும் தெளிவு வேண்டும் என்று தோன்றினால் கார்ட்ரிட்ஜை மாற்ற வேண்டாம். விஎம்95எம்எல்-இன் ஊசியை மட்டும் வாங்குங்கள். முன்பகுதியை இழுத்தால் கழன்றுவரும், புதியதைத் தள்ளினால் உட்காரும். அந்த மைக்ரோலீனியர் முனையில் சுவரைத் தொடும் பக்கம் 3 மைக்ரான்தான். ஆயுளும் கூடுதல்: கம்பெனிக் கணக்கில் உங்கள் நீள்வட்ட முனைக்கு 300 மணி நேரம், அதற்கு 1,000.

சுழல்மேடை எழுதியது:

ஃபோனோ ப்ரீஆம்ப் வந்து ஒரு வாரம் ஆகிறது. சிம்பல் சிம்பலாக ஒலிக்கிறது. நேற்று நான்கு தட்டுகளின் எட்டுப் பக்கங்களைத் தொடர்ந்து கேட்டேன், எழுந்துபோகத் தோன்றவில்லை. 300 மணி நேரம் என்றதும் ஒரு நோட்டு போட்டுப் பக்கத்துக்கு ஒரு கோடு கிழிக்க ஆரம்பித்திருக்கிறேன். எம்எல் ஊசி 300 கோட்டைத் தாண்டிய பிறகுதான். பக்கத்துக்கு இருபது நிமிடம் என்றால் 900 கோடு வேண்டுமே என்று இப்போதுதான் உறைக்கிறது.

மூன்று தட்டுகள் மட்டும் இன்னும் கரகரக்கின்றன. கழுவிப் பார்த்தும் மாறவில்லை. மாமாவிடம் கேட்டதற்கு, அவை இந்த டேபிள் வருவதற்கு முன் செராமிக் கார்ட்ரிட்ஜ் போட்ட பெட்டி ப்ளேயரில் ஓடியவை, ஊசியை அவர் மாற்றியதே இல்லை என்கிறார். அவற்றுக்கு ஏதாவது வழி உண்டா? பெட்டியின் அடியில் நிமிடத்துக்கு 78 சுற்றில் ஓடும் பழைய தட்டுகள், பதினைந்து 78-களும் இருக்கின்றன. விஎம்95 குடும்பத்தில் 78-க்கென்று எஸ்பி என்ற ஊசி இருக்கிறதாமே, அதை வாங்கலாமா?

பழைய_ரேடியோக்காரன் எழுதியது:

மூன்று தட்டுகளுக்கும் வழி இல்லை. சுவரே தேய்ந்துவிட்டது. எம்எல் வந்தபிறகு ஒரு தடவை போட்டுப் பாருங்கள். பழைய ஊசி தொடாத உயரத்தில் அது தொட்டால் கொஞ்சம் தேறலாம். உறுதி சொல்லமாட்டேன்.

78-க்கு எஸ்பி சரியான ஊசிதான், முனை 3 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று), எடை 5 கிராம் வைக்க வேண்டும். எல்பி ஊசியை அதில் போடக் கூடாது, தடம் அகலம், ஊசி அடியில் போய் உரசும். ஆனால் தம்பி, வாங்குவதற்கு முன் உங்கள் டேபிளின் முன்பக்கத்தைப் பாருங்கள். 33, 45 என்று இரண்டு பொத்தான்தான் இருக்கும்.

சுழல்மேடை எழுதியது:

பார்த்தேன். இரண்டுதான்.